பதில் வராத பச்சை

அம்மா இறந்த பதினெட்டாம் நாள் கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. ஒரே பக்கம். ஒன்பதாம் தேதி காலை 10.52 மணிக்கு, பாஸ் ரத்து செய்யப்பட்ட லாரி ஒன்று சேந்தமங்கலம் சாலைக் கிடங்குக்குள் வந்து, முந்நூறு மூட்டை ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வாயிற்காவலர் காலஞ்சென்ற பொன்னாத்தாளின் கவனக்குறைவே காரணம். குடும்பத்தார் இதை ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். காவல் நிலையத்தில் கொடுப்பதற்குத் தேவைப்படுகிறது.

கீழே ஒரு கோடு. கோட்டின் அடியில் என் பெயரையும் அச்சடித்திருந்தார்கள். பிரவீனா, மகள்.

கிடங்கு மேலாளர் மோகன்குமாரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஒரு கையெழுத்துத்தானுங்க அம்மிணி. போட்டுட்டா இதோட முடிஞ்சிரும். எறந்தவங்க மேல என்ன கேஸா நடக்கப்போவுது?" என்றார். குரலில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. உதவி செய்கிறவர் போலத்தான் பேசினார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை நேரில் வருவதாகச் சொன்னேன்.

பொன்னாத்தாள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். சேந்தமங்கலத்துக்கு வடக்கே எங்களுக்கு மூன்று ஏக்கர் காடு. மரவள்ளி போடுவோம். நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா இறந்தார். அதற்குப் பிறகு நாலு வருடம் அம்மா தனியாகப் பயிர் வைத்தாள். ஐந்தாம் வருடம் கிணறு வற்றியது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரத்து நூறு அடி இறக்கியது. புகைதான் வந்தது. ரிக்காரர்கள் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அம்மா சேலையை மாற்றிக்கொண்டு கிடங்குக்குப் போய் வேலை கேட்டாள். வாயிலில் ஆள் இல்லாமல் இருந்தது. மறுநாளே வரச் சொன்னார்கள்.

உறவுக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே கேட்டார்: "காடு வெச்சிருக்கற ஊட்டுப் பொம்பள லாரிக்காரனுக்குக் கேட்டு தொறந்து உடறதா? நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"அந்த நாலு பேருக்கும் காடு வெச்சிருக்கீங்களான்னு கேளுங்க மாமா. இருந்தா எங்காட்டுக்குத் தண்ணி உடச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

பதினொரு வருடம் அந்த வாயிலில் நின்றாள். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வாள். லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர்கள் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவளும் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தாள், எல்லாம் இன்னும் மோசமானவை.

காகிதப் பாஸ் இருந்த காலத்தில் அவள் வேலை எளிது. லாரி முதலாளி ஓட்டுநருக்குப் பாஸ் கொடுப்பார். ஓட்டுநரை வேலையை விட்டு நிறுத்தினால் கிடங்குக்குச் சொல்லிவிடுவார். அம்மா அந்தப் பாஸின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, வாயிலில் இருந்த காவல் கொட்டகையின் தூணில் ஆணியில் குத்தி வைப்பாள். லாரி வந்ததும் ஆணியைப் பார்ப்பாள், பிறகுதான் பாஸைப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் முதலாளிக்குப் போன் போடுவாள். அவர் எடுக்கும்வரை லாரி வெளியில்தான். எடுக்காவிட்டால் அன்று முழுவதும் வெளியில்தான். ஒருமுறை ஓமலூர் லாரி ஒன்று மத்தியானம்வரை நின்றது. முதலாளி கல்யாண வீட்டில் இருந்தார். ஓட்டுநர் வாயிலில் உட்கார்ந்து சத்தம் போட்டார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். வாயிலைத் திறக்கவில்லை.

மூன்று வருடம் முன்பு பாஸ் கைபேசிக்கு மாறியது. ஓட்டுநர் தன் போனில் ஒரு க்யூஆர் கட்டத்தைக் காட்டுவார். வாயிலில் இருக்கும் கிடங்குப் போனில் உள்ள செயலி அதைப் படித்து, பச்சையோ சிவப்போ காட்டும். அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஒரு டிஜிட்டல் சான்றிதழ். மோகன்குமார் தூணிலிருந்து ஆணியைப் பிடுங்கிவிட்டார். இனி எல்லாவற்றையும் செயலியே பார்த்துக்கொள்ளும் என்றார்.

கோவையில் என் வேலை செயலிகளைச் சோதிப்பது. அதனால் இதை விளக்க எனக்கு அதிகச் சொற்கள் வேண்டாம். ஒரு சான்றிதழைப் பார்த்ததும் செயலி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இதைக் கொடுத்தவரின் முத்திரை உண்மையா? தேதி முடிந்துவிட்டதா? தேதி முடிவதற்கு முன்பே யாராவது ரத்து செய்துவிட்டார்களா? முதல் இரண்டுக்கும் விடை போனுக்குள்ளேயே இருக்கிறது. மூன்றாவதை, கொடுத்தவரிடம்தான் கேட்டாக வேண்டும். அதற்குச் சிக்னல் வேண்டும். நிறையச் செயலிகள் மூன்றாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. கேட்கிற செயலிகளிலும் பல, சில விநாடிகளில் பதில் வராவிட்டால் ரத்தாகவில்லை என்று எடுத்துக்கொள்கின்றன. நிரலில் ஒரே ஒரு வரிதான் அது. வாடிக்கையாளர் காத்திருந்தால் திட்டுவார் என்பதற்காக எழுதப்பட்ட வரி.

அந்த வரியை அம்மா கண்டுபிடித்தாள்.

வீரன் என்ற ஓட்டுநர் நாமக்கல் லாரி ஒன்றை விட்டுவிட்டு ரிக் வண்டிக்குப் போய்விட்டான். ஐந்து வருடத்துக்குக் கொடுத்திருந்த அவன் பாஸை ரத்து செய்தார்கள். கொட்டகையில் மறந்து வைத்த கம்பளியை எடுக்க அவன் பைக்கில் வந்தான். அம்மா விளையாட்டாக, "எங்கடா, உன்ற பாஸைக் காட்டு" என்றாள். அவனும் காட்டினான். பச்சை.

அம்மாவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு தடவை வைத்தாள். பச்சை. போனைத் தூக்கிக்கொண்டு, அவனையும் கூட்டிக்கொண்டு சாலைப் பக்கம் நடந்தாள். வாயிலுக்கு வெளியே, புளியமரத்தைத் தாண்டியதும் வைத்தாள். சிவப்பு. திரும்பக் கொட்டகைக்குள் வந்தாள். பச்சை.

கொட்டகைக்குத் தகரக் கூரை. இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர். உள்ளே சிக்னல் இல்லை.

அன்று மதியம் எனக்குக் கூப்பிட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏஞ்சாமி, இந்த ஆப்பு உள்ள ஒண்ணு சொல்லுது, வெளிய ஒண்ணு சொல்லுது. உள்ள பச்சை வாரப்போ பக்கத்துல சின்னதா ஒரு வட்டம் வருது. வெறும் வட்டம். வெளிய வாரப்போ அது ரொம்பி இருக்குது. அது என்னது?"

"ரொம்பி இருந்தா பதில் வந்துச்சுன்னு அர்த்தம்மா. வெறும் வட்டம்னா பதில் வரலை."

"பதில் வரலைனா எதுக்குப் பச்சை?"

"எல்லா ஆப்பும் அப்படித்தாம்மா. பதில் வரலைனா சரின்னு எடுத்துக்கும்."

அம்மா கேட்டாள்: "கேட்டதுக்கு ஒருத்தன் வாயே தொறக்கலைனா சரின்னு அர்த்தமா? எந்த ஊருலடி? உன்னையப் பொண்ணு கேட்டு வந்தப்போ நீ ரண்டு நாளு பேசாம இருந்தியே, சரின்னா சொன்னே?"

எங்கள் அலுவலகத்துச் செயலியிலும் அதே வரி இருந்தது. அதை நானே சோதித்து, சரி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

மறுநாள் அவள் சுண்ணாம்பு வாங்கினாள். சிக்னல் பிடிக்கும் இடத்தில், புளியமரத்தைத் தாண்டி, தரையில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். கொட்டகையிலிருந்து அறுபத்து நாலு எட்டு நடை. லாரி கோட்டில் நிற்க வேண்டும். அவள் போனை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போவாள். வட்டம் நிரம்பினால்தான் லாரி உள்ளே. மழை வந்து கோடு அழிந்தால் மறுபடி போடுவாள். ஓட்டுநர்கள் அதற்குப் பொன்னாத்தா கோடு என்று பெயர் வைத்தார்கள்.

"அக்கா, கோயிலச் சுத்தற மாதிரி சுத்தறீங்களே, ஒரு நாளைக்கு எத்தன சுத்து?" என்பார்களாம்.

"உன்னைய மாதிரி நாப்பது சனியன் வருது. நாப்பது சுத்து."

லாரிகள் சாலையில் வரிசை கட்டின. மோகன்குமார் கொட்டகைக்குள்ளேயே பார்க்கச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். அம்மா மெமோவைத் திருப்பி, அதன் முதுகிலேயே எழுதினாள்: "பதில் வராத பாஸுக்கு நான் கேட் திறக்க மாட்டேன். வேறு ஆளை வைத்துத் திறந்துகொள்ளவும். பொ. பொன்னாத்தாள்." அலுவலகத்தில் கொடுத்து, நகலில் பெறப்பட்டது என்று முத்திரை வாங்கிக்கொண்டாள். அந்த நகல் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. வேறு ஆளை யாரும் வைக்கவில்லை.

ஒன்பதாம் தேதி காலை அவளுக்கு நெஞ்சில் வலி வந்தது. எடைமேடையில் வேலை செய்யும் சின்னுசாமி அண்ணன் தன் மொபெட்டில் நாமக்கல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வரிசையில் நின்று, 11.35-க்குப் பெயர் பதிந்தார்கள். நான் மாலையில் போய்ச் சேர்ந்தேன். நாலாம் நாள் இறந்தாள். இடையில் பேசினாள். வாயில் போன் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டாள். நான் அதை நோயின் பிதற்றல் என்று நினைத்தேன்.

கடிதம் வந்த பிறகு அவள் குறிப்புநோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். மேலே எழுதியிருந்தாள்: "வீரன். கெட்ட பாஸ்."

கூப்பிட்டேன்.

"அக்கா மகளா? சொல்லுங்க அம்மிணி. அந்தப் பாஸு எம்போன்ல இன்னும் இருக்குதுங்க. அழிச்சறாதடான்னு அக்காதான் சொல்லுச்சு. மாசத்துக்கு ஒருக்கா அந்தப் பக்கம் போனா நிறுத்திக் காட்டோணும். உள்ள பச்சையா சிவப்பான்னு பாக்கும். திருத்திட்டாங்களான்னு பாக்கறதுக்காம். பாத்துட்டு, 'இன்னும் கிறுக்காத்தான் இருக்குது, போடா' ன்னு அனுப்பிரும்."

எங்கள் வேலையில் முதலில் செய்வது இதுதான். தவறென்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கருவி அதைத் தவறென்று சொல்கிறதா என்று பார்ப்பது. அவள் மூன்று வருடமாக அதைச் செய்திருக்கிறாள். நான் அந்தச் செயலியை ஒருமுறைகூடக் கேட்டு வாங்கிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீரனும் நானும் கிடங்கு வாயிலில் இருந்தோம். கோடு பாதி அழிந்திருந்தது. கொட்டகையில் சின்னுசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். இப்போது எடைமேடையோடு வாயிலும் அவர் பொறுப்பு.

"அண்ணா, அன்னைக்கு அம்மாவ எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நேரம் ஞாபகம் இல்ல சாமி."

மோகன்குமார் வந்தார். நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"லாரி வந்தது பத்து அம்பத்திரண்டு. உங்கம்மா பேரு ஆஸ்பத்திரில பதிஞ்சது பதினொண்ணு முப்பத்தஞ்சு. லாரிய உட்டுப்போட்டுத்தான் போயிருக்காங்க. நெஞ்சு வலியில கவனிச்சிருக்க மாட்டாங்க. அதத்தானுங்க எழுதியிருக்கோம். வேற ஒண்ணுமில்ல."

"கேட் போனைக் கொஞ்சம் எடுங்க. இவரு பாஸைப் பாருங்க."

"இவன் பாஸுதான் ரத்தாயிருச்சே. இவன் இங்க வேலையிலயே இல்ல."

"அதனாலதான்."

வீரன் போனை நீட்டினான். மோகன்குமார் கிடங்குப் போனை அதன் மேல் பிடித்தார். சற்று நேரம் சுற்றியது. பச்சை.

அவர் மறுபடி பிடித்தார். பச்சை.

"வாங்க" என்று நடந்தேன். அவர் பின்னால் வந்தார். அறுபத்து நாலு எட்டு. அழிந்த கோட்டில் நின்று பிடிக்கச் சொன்னேன். சிவப்பு. திரும்பக் கொட்டகைக்குப் போனோம். பச்சை. வீரன் வாயை மூடிக்கொண்டிருக்க முயன்றான், முடியவில்லை.

"மூணு வருசமா இதத்தானுங்க அக்கா சொல்லிட்டு இருந்துச்சு. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்."

மோகன்குமார் சுதாரித்துக்கொண்டார். "சரி. ஆப்போட தப்பு. ஒத்துக்கறேன். அப்ப உங்கம்மாவும் பச்சையப் பாத்துத்தான உட்டிருப்பாங்க? நானும் கடிதத்துல பெருசா ஒண்ணும் எழுதலீங்களே."

"பழைய பதிவெல்லாம் இருக்கற பக்கத்தைத் திறங்க. ஒன்பதாம் தேதி."

திறந்தார். போன் திரை சிறியது. மூவரும் குனிந்தோம். காலை ஏழு மணி முதல் பத்து இருபத்தொன்று வரை ஒன்பது லாரிகள். ஒன்பதிலும் ரொம்பிய வட்டம். பத்து ஐம்பத்திரண்டு, வெறும் வட்டம். அதற்குப் பின் அன்று மாலைவரை வந்த எல்லா லாரிக்கும் வெறும் வட்டம். மேலே தள்ளச் சொன்னேன். எட்டாம் தேதி எல்லாம் ரொம்பியவை. ஏழாம் தேதியும் அப்படித்தான். ஆறாம் தேதி ஞாயிறு, அம்மாவுக்கு விடுமுறை. அன்று எல்லாமே வெறும் வட்டம்.

"ரொம்பினது கோட்டுல நின்னு பாத்தது. வெறும் வட்டம் கொட்டகைக்குள்ள பாத்தது. எங்கம்மா கொட்டகைக்குள்ள பாக்க மாட்டாங்க. அதுக்கு நீங்க மெமோ குடுத்திருக்கீங்க. நகல் எங்கிட்ட இருக்குது."

"அன்னைக்கு அவங்க நடக்க முடியாம உள்ளயே பாத்திருக்கலாமில்ல?"

"பத்து இருபத்தொண்ணுக்கு நெஞ்சு வலியோட நடந்து போயிருக்காங்க. பாருங்க, ரொம்பியிருக்குது. பத்து அம்பத்திரண்டுக்கு மட்டும் கொட்டகைக்குள்ள நின்னு பாத்தது யாரு?"

அவர் கோபத்தில் போனை மேசையில் வைத்தார். "என்னங்க நீங்க, போலீசு மாதிரி கேட்டுட்டு. அந்த வெயில்ல ஒவ்வொரு லாரிக்கும் கோடு வரைக்கும் எவன் நடப்பான்? பச்சை வந்துச்சு, உட்டேன். பச்சை வந்தா உடறதுதானே?"

எடைமேடை மணி ஒருமுறை அடித்து நின்றது.

தான் சொன்னது என்ன என்று அவருக்கு விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் போடச் சொன்ன நாற்காலி.

சின்னுசாமி அண்ணன் எழுந்து நின்றார். "பத்தரைக்கே அக்காவ வண்டியில ஏத்திட்டனுங்க. போன எங்கிட்டக் குடுக்க வந்துச்சு. நீங்கதான் கைநீட்டி வாங்குனீங்க. கோட்டுல நின்னு பாருங்க சார்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் ஏறுச்சு." என்னைப் பார்த்தார். "மன்னிச்சிரு சாமி. எனக்கு இன்னும் மூணு வருசம் சர்வீசு இருக்குது."

அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தது என்னிடமும் இருந்தது.

மோகன்குமார் வேறு கடிதம் தருவதாகச் சொன்னார். அலுவலகத்துக்குப் போய் அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். சம்பவம் நடந்தபோது பொன்னாத்தாள் பணியில் இல்லை, அவர்மேல் தவறில்லை என்று இருந்தது.

"இது பத்தாதுங்க" என்றேன்.

"இன்னும் என்னங்க வேணும்? தப்பில்லைன்னு போட்டாச்சே."

"அன்னைக்கு அந்தப் போனைப் பிடிச்சது யாருன்னு எழுதுங்க. அப்புறம் இன்னொரு வரி. பொன்னாத்தாள் அன்று வாயிலில் இருந்திருந்தால் அந்த லாரி உள்ளே வந்திருக்காது."

"அப்பிடியெல்லாம் கடிதத்துல எழுத மாட்டாங்க அம்மிணி. நடக்காத ஒண்ண எப்பிடி எழுதறது?"

"மூணு வருசம் நடந்தது அந்தப் போன்ல இருக்குது. அதப் பாத்து எழுதுங்க. இல்லைனா இந்தப் போன்ல இருக்கறத நானே படம் எடுத்து, உங்க மெமோவையும் சேத்து ஸ்டேஷன்ல குடுக்கறேன். எனக்கு அவசரம் இல்ல. ரண்டு வாரம் லீவு போட்டிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கொட்டகைத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணி இருந்த ஓட்டை இன்னும் இருந்தது.

வெளியே ஒரு லாரி வந்து ஒலிப்பான் அடித்தது. சின்னுசாமி அண்ணன் மேசையிலிருந்த போனை எடுத்தார். மேலாளரிடம் கேட்கவில்லை. கூரையை விட்டு வெளியே இறங்கி, கோட்டை நோக்கி நடந்தார். ஓட்டுநர் ஏதோ கத்தினார். அண்ணன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மோகன்குமார் அலுவலகத்துக்குத் திரும்பப் போனார். இந்தமுறை அரைமணி நேரம் ஆனது. கொண்டுவந்த கடிதத்தில் இரண்டு வரிகளும் இருந்தன. கீழே அவர் கையெழுத்து. காவல் நிலையத்துக்கு ஒரு நகல், எனக்கு ஒரு நகல். என் நகலில் முத்திரை இல்லை. திருப்பிக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டேன்.

பழைய கடிதத்தின் முதுகில், என் பெயரை அச்சடித்திருந்த கோட்டுக்குப் பின்பக்கம், ஒரு வரி எழுதி அவர் மேசையில் வைத்தேன். பதில் வராத பாஸுக்குக் கேட் திறக்க மாட்டோம். பொ. பிரவீனா.

கோவைக்குத் திரும்பும் முன்பே என் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். எங்கள் செயலியில் நான் சரி என்று எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறுகிறேன், அந்த ஒரு வரி மாறும்வரை மறுபடி எழுதித் தர மாட்டேன் என்று. பதில் இன்னும் வரவில்லை. அதைச் சரி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.